கை வாய்க்கு வருகிறதா?

“சார்... நீங்க ஸ்வல்பம் வெளியே உக்காருங்களேன்.”

என்னிடம் யாரும் இப்படிச் சொல்லி ரொம்ப நாளாகிறது. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஓயாமல் பேசுகிறவன் நான். கூட்டங்களில் ‘இன்னும் கொஞ்சம் பேசுங்கள்’ என்று கேட்டுத்தான் பழக்கம். (சிறப்பு விருந்தினர் வந்து சேராதபோதுதான் அப்படிக் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்!)

சொன்னவர் ஸ்பூர்த்தி. மைசூரு சரஸ்வதிபுரத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி தமிழ், பாதி கன்னடம். முப்பது வயதைத் தாண்டியிருக்கலாம். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு... என்னை வெளியே போகச் சொன்னபோதும் அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேள்வி கேட்டது என் மச்சானிடம். பதில் சொன்னது நான்.

“எல்லி நோவு யஜமான்ரே?” என்று, எங்கே வலி பெரியவரே என்ற அர்த்தத்தில் கேட்டார். “வலது தோள்லேம்மா” என்றேன் நான்.

“ராத்திரி தூக்கம் வருதா?” “நல்லாத் தூங்கறார்” என்றேன். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறவர் தூங்குகிறாரா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

“கை எவ்வளவு தூரம் மேலே வருது?” — இதற்கு நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். அப்போதுதான் அந்தப் பெண் என்னை வெளியே அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் எந்த டாக்டரிடமாவது நோயாளி தானாகப் பேசி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுவலி கணவனுக்கு, எப்படி வலிக்கிறது என்று விவரிப்பது மனைவி. நோயாளி நடுவில் வாயைத் திறந்தால், “நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன்!” என்று அதட்டல் வேறு.

மச்சானைப் பற்றிச் சொல்லவில்லையே. ரங்கசாமி. என் மனைவி சரோஜாவின் அண்ணன். ஹனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். மஞ்சள், மக்காச்சோளம், இரண்டு கறவை மாடு. அறுபதைத் தாண்டியும் தோட்டத்தில் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற மனிதர். மழை பெய்த ஒரு காலையில் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்தார். மேல்கை எலும்பு, தோளுக்குப் பக்கத்திலேயே உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டி அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது தோள் அசைய மறுத்தது. ‘இனி பிசியோதெரபிதான், விடாமல் செய்யணும்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் கிராமத்திலிருந்து தினமும் எங்கே போவது? “எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணா” என்று சரோஜா பிடிவாதமாக அழைத்து வந்துவிட்டாள்.

வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கை வேலை செய்யாத மனிதர், கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கூடவே ஒரு மூட்டை ராகி, ஒரு சாக்கு தேங்காய்!

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். கிளினிக்கில் திரைக்கு அந்தப் பக்கம் மச்சானும் ஸ்பூர்த்தியும். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தப்பாது.

“நோவு இதியா யஜமான்ரே?”

“கம்மி ஆகிதெ அம்மிணி. நெம்பவே கம்மி.”

கன்னடத்தில் ஆரம்பித்துக் கொங்குத் தமிழில் முடிப்பார். ஹனூர்க்காரர்களுக்கு அது ஒரே மொழிதான். ஒவ்வொரு முறையும் இதே பதில். முதல் வாரம் ‘கம்மி’. அடுத்த வாரம் ‘நெம்பக் கம்மி’. அதற்கடுத்து, ‘இல்லவே இல்லைன்னு வெச்சுக்கங்களேன்’. நானும் சரோஜாவும் மகிழ்ந்து போனோம். ஊருக்கு போன் போட்டு அண்ணியிடம், “அண்ணனுக்கு முக்கால்வாசி சரியாயிடுச்சு” என்று சொல்லிவிட்டாள் சரோஜா.

ஒருவர் மட்டும் மகிழவில்லை.

ஸ்பூர்த்தியிடம் ஒரு மூலையில் இணைத்த இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தோளில் வைத்துக் கை எவ்வளவு தூரம் மேலே போகிறது என்று அளப்பார். மச்சானின் வாய், வலி குறைந்துகொண்டே போகிறது என்றது. அந்த ஸ்கேலோ, கை போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?

ஆனால் ஸ்பூர்த்தி எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “வலியில்ல” என்று மச்சான் சொல்லச் சொல்ல, பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் காலை, தோளைத் தொட்டுப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். சூடாக இருந்திருக்கிறது. லேசான வீக்கமும்.

அன்று சரோஜாவும் எங்களோடு வந்திருந்தாள். திரை விலகியது.

“சார், மேடம்... ரெண்டு பேரும் உள்ளே வாங்க.”

வெளியே அனுப்பியவரே உள்ளே கூப்பிடுகிறார்! நான் பெருமையோடு எழுந்தேன்.

உள்ளே போனோம். ஸ்பூர்த்தி மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, “தகோளி யஜமான்ரே, நீர் குடிங்க” என்று மச்சானிடம் நீட்டினார்.

மச்சான் வலது கையில் வாங்கினார். தலையைக் குனிந்து, பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற சரோஜா மட்டும் என் முழங்கையைப் பிடித்தாள். மெதுவாகத்தான் எனக்கும் உறைத்தது... ரங்கசாமி மச்சான் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கிறாரா? சொந்த வீட்டு டம்ளரில்கூட உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற மனிதர்! எச்சில் விஷயத்தில் அவ்வளவு கறார். கல்யாண வீட்டில் யாராவது செம்பில் வாய் வைத்துவிட்டால் அந்தச் செம்பைத் தொடவே மாட்டார். இடது கையால் ஊற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இடது கையா? அதுவும் அவர் செய்யாத காரியம்.

ஸ்பூர்த்தி என் பக்கம் திரும்பினார்.

“சார், வீட்ல இவரு ஊட்டா பண்றதை நீங்க பாக்கறீங்க இல்ல? கை வாய்க்கு வருதா, வாய் கைக்குப் போகுதா?”

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன்.

சரோஜாதான் சொன்னாள். “தட்டுக்கு மேல நல்லாக் குனிஞ்சுதான் சாப்பிடறாரும்மா. நான்... ருசிச்சுச் சாப்பிடறாருன்னு நெனச்சேன்.”

உண்மைதான். என்னிடமே அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். ‘பாத்தீங்களா, எங்கண்ணன் தலையைக்கூட நிமித்தாம சாப்பிடறாரு. உங்களுக்குத்தான் என் சமையல் அருமை தெரியல!’

ஸ்பூர்த்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மச்சானுக்கு எதிரில் உட்கார்ந்தார். கோபமில்லை. ஆனால் முதல் முறையாக அந்தச் சிரிப்பைக் காணோம்.

“யஜமான்ரே, நீங்க நோவு இல்லன்னு சொன்னீங்க. நம்பி நான் ஜாஸ்தி பண்ணிட்டேன். இப்ப தோள் ஊதிக்கிட்டு இருக்கு. என்மேலயும் தப்பு இருக்கு. அளவு ஏறலேன்னு தெரிஞ்சப்பவே நான் கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். ஏன் சொல்லலே?”

மச்சான் தரையைப் பார்த்தார். துண்டை எடுத்து இடது கையால் முகத்தைத் துடைத்தார்.

“நோவு இருக்குதுன்னு சொன்னா இன்னும் கொஞ்ச நாள் இருன்னு சொல்லுவீங்க அம்மிணி. தங்கச்சியைக் கட்டிக் குடுத்த ஊட்ல எத்தனை நாளைக்குங்க உக்காந்து சாப்புடறது? மொறையில்லீங்க.”

சரோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்பூர்த்தி கை காட்டி நிறுத்தினார்.

“சரி... ஊருக்குப் போய்? இந்தக் கையோட என்ன பண்ணுவீங்க?”

“என்னத்தப் பண்றதுங்க? போன கை போனதுதான். பெங்களூர்ல இருக்கற பையன், காட்டைக் குத்தகைக்கு விட்டுடுப்பாங்கறான். மாட்டையும் குடுத்துடலாம்னு சொல்லிட்டேன். ஆளும் பேசி வெச்சாச்சுங்க. இங்க நோவு தீர்ந்துச்சுன்னு சொன்னா எல்லாத்துக்கும் நிம்மதி. நானும் கெளம்பிருவேன்.”

எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்போதுதான் தெரியும். அவர் குணமாகிவிட்டதாகச் சொன்னது ஆசையில் இல்லை. கைவிட்டுவிட்டதால் சொன்னது. நிலத்தையும் மாட்டையும் மனசுக்குள் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கச்சிக்குத் தொந்தரவு இல்லாமல் மரியாதையாகப் புறப்படப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டு ஹாலில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே இவ்வளவும் யோசித்திருக்கிறார். சரோஜா அழுதுவிட்டாள்.

ஸ்பூர்த்தி அழவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார்... எங்களைப் பார்த்து.

“வீட்ல இவரு என்ன வேலை பண்றாரு?”

“வேலையா?” சரோஜா பதறிப்போனாள். “எங்கண்ணனை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடறதில்லைம்மா. குளிக்கத் தண்ணி எடுத்து வெச்சுடுவேன். துண்டைக் கையில கொடுத்துடுவேன். செருப்பைக்கூட இவர்தான் எடுத்துப் போடறாரு.”

‘இவர்’ என்றது என்னை. ஆமாம், போட்டேன். பெண் கொடுத்த வீட்டுக்காரர், மூத்தவர். மரியாதை கொடுக்க வேண்டாமா?

ஸ்பூர்த்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ ராமா... நீங்க அவருக்கு மரியாதை பண்ணி ஒரு வேலையும் கொடுக்கலே. அவரு உங்களுக்கு மரியாதை பண்ணி நோவைச் சொல்லலே. நடுவுல அந்தத் தோளு என்ன பண்ணும் பாவம்? இங்க முக்கால் மணி நேரம் நான் அசைக்கறேன். மிச்ச நாள் முழுக்க சோபாவுல வெச்சுப் பூட்டிடறீங்க.”

பிறகு வந்தது சிகிச்சைத் திட்டம். வீக்கம் வடிகிற வரைக்கும் தோளைக் கஷ்டப்படுத்தாமல் லேசாக அசைத்துக்கொண்டிருப்பது. வடிந்ததும் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலை இனி யஜமானருடையது. முதலில் கர்ச்சீப், பனியன். கொடியைத் தாழ்வாகக் கட்டுவது. பிறகு துண்டு, சட்டை. கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. ஈரப் போர்வை கடைசியில்தான். காயப்போட்டதை எடுத்து மடிப்பதும் அவரே.

“எங்கண்ணன் என் துணியைக் காயப்போடறதா?” சரோஜாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. “எங்க ஊர்ல கேள்விப்பட்டா காறித் துப்புவாங்க!”

“உங்க புடவை வேணாம் மேடம். சாரோட சட்டை இருக்கில்ல?”

இப்படித்தான் என் சட்டைகள் மருத்துவ உபகரணங்கள் ஆயின.

கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். “யஜமான்ரே, நோவு எனக்கு வேணும். நீங்க சொல்லலேன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை பண்ற மாதிரி. பயிற்சி பண்ணும்போது இழுக்கும், அப்புறம் கொஞ்ச நேரத்துல அடங்கிடும்... அந்த நோவுக்குப் பயப்படாதீங்க. மறுநாளும் நின்னுச்சுன்னா நான் குறைக்கணும். எது எதுன்னு நீங்கதான் சொல்லணும். தங்கச்சி வீட்டு விஷயம் இங்கே வேணாம். இந்த ரூம்ல நீங்க யாருக்கும் அண்ணா இல்லை.”

மச்சான் தலையாட்டினார். “நெம்ப நோகுதுங்க அம்மிணி” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் வாயிலிருந்து அதை வரவழைக்க ஒரு பாட்டில் தண்ணீர் தேவைப்பட்டது.

அப்புறம் எங்கள் மாடியில் நடந்தது ஒரு தனிக் கதை. முதல் நாள் ஒரு கர்ச்சீப்பைக் கொடியில் போடுவதற்குள் மச்சானுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. சரோஜா படிக்கட்டில் மறைந்து நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் வாங்கிவிடக்கூடாது என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்திருந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாரங்கள் போகப் போக, கொடி ஏறியது. துண்டு ஏறியது. எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. மச்சான் எங்கள் வீட்டில் சகஜமாகிவிட்டார். வேலை செய்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வந்ததும், ‘இன்னொரு இட்லி வை’ என்று கேட்க ஆரம்பித்தார். வாசலில் கறிவேப்பிலைச் செடியை வெட்டிவிட்டார். என் ஸ்கூட்டரைத் துடைத்தார். கீழ்வீட்டு அம்மாள் சரோஜாவைக் கூப்பிட்டு, “ஒசதாகி... புதுசா வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா? சுத்தமா வேலை பண்றாரே! நம்ம வீட்டுக்கும் வருவாரா?” என்று கேட்டிருக்கிறார். சரோஜா வெலவெலத்துப் போனாள். மச்சானோ கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

கிளினிக்கிலும் கதை மாறியது. ‘கம்மி’ என்ற ஒற்றைச் சொல் போய், “மேல கொண்டு போறப்ப இழுக்குதுங்க, இந்தப் பக்கம் இல்லீங்க, பின்னால... இறக்குறப்ப சரியாயிருதுங்க” என்று வயல் வரப்பைக் காட்டுவதுபோல இடம் சொல்ல ஆரம்பித்தார். ஸ்பூர்த்தி கேட்டுக் கேட்டு விரலை நகர்த்துவார். நான் வெளியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் ஒரு பயிற்சிதான்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் ராகி முத்தையை, அதாவது களி உருண்டையை, கிள்ளிக் குழம்பில் புரட்டினார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. கை மேலே போயிற்று... வாய் வரைக்கும். அவர் கவனிக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். “என்னுங்க மாப்ள, குழம்புல உப்பு பத்தலீங்களா?” என்றார்.

ஊருக்குப் புறப்படும் முன், குத்தகை பேசிய ஆளுக்கு அவரே போன் செய்தார். “மன்னிச்சுக்கப்பா, காடு குடுக்கறதா இல்ல” என்றார். மாடுகளைப் பற்றிக் கேட்டதற்கு, “அதுக எங்கயும் போகாது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்பூர்த்திக்கு நான் எப்படி நன்றி சொல்வது? வைத்தியம் என்றால் மருந்தும் ஊசியும் ஸ்கேனும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் எப்படித் தண்ணீர் குடிக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், யார் வீட்டில் தங்கியிருக்கிறார், அங்கே அவருக்கு என்ன கூச்சம் என்பதெல்லாம் பரிசோதனையில் சேரும் என்று எனக்குத் தெரியாது. தோளைப் பார்க்கிறேன் என்று தோளை மட்டும் பார்க்காமல், அந்தத் தோளுக்குச் சொந்தக்காரரையும் பார்த்தாரே, அதற்கு நன்றி. இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கையை வெளியே இழுத்துக் கொடுத்ததற்கும். என்னை வெளியே உட்காரச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி! இதை நேரில் சொன்னபோது, “நானு ஏன் மாடிதே சார்? பட்டே எல்லா உங்களுதுதானே” என்றார். நான் என்ன செய்தேன், துணியெல்லாம் உங்களுடையதுதானே என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள... கை வலிக்குதுங்க.”

“என்னாச்சு மச்சான்?”

“ஒண்ணுமில்லீங்க. மக்காச்சோளம் ஒடிச்சோம். காலைல இருந்து நானும் ஆளுகளோட நின்னு ஒடிச்சேன். தோளுக்குப் பின்னால இழுக்குதுங்க. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு, ஒக்காந்து காப்பி குடிச்சதும் அடங்கிருச்சு. அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க.”

இடம், நேரம், காரணம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. “உங்கண்ணனுக்குக் கை வலிக்குதாம்” என்று சரோஜாவிடம் சொன்னேன். சரோஜா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அண்ணா! வலிக்குதா? நெசமாவா? நீங்களாவா சொல்றீங்க?”

அந்தப் பக்கம் மச்சான் என்ன சொன்னாரோ... இவள் முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். மாடிப்படியில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னிடம் கத்தினாள்:

“ஏனுங்க, எங்கண்ணனுக்குக் கை வலிக்குதாமுங்க!”

கீழ்வீட்டு அம்மாள் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.